அல்மாரிக்குள் நுணுக்குக்காட்டி, பேஸ்புக்கில் இப்னுல் ஹைதம்

நீளமான பதிவு. அவசரமில்லாத நேரத்தில் வாசியுங்கள். கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

உயர்தர நுணுக்குக்காட்டிகளை வைத்து ஆய்வு செய்யும் விஞ்ஞானிகள் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒன்றுகூடுவது பற்றிச் சில நாட்களுக்கு முன் சின்னதாக ஒரு பதிவு போட்டிருந்தேன். எங்கட பல்கலைக்கழகங்களும் இப்படி நடத்தி, ஒரு நாளையாவது பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தேன். அவ்வளவுதான். கீழே வந்த கொமன்ட்களில் இரண்டு என்னை இந்தப் பதிவை எழுத வைத்தன.

ஒன்று: "பிள்ளைகளுக்கு இருக்க வாங்கு இல்ல. இதில மில்லியன் டொலர் மெஷினப் பத்திக் கதைக்கிறீங்க."

மற்றது: "இதெல்லாம் எங்கட இப்னுல் ஹைதம் 1000 வருசத்துக்கு முந்தியே கண்டுபிடிச்சது. வெள்ளக்காரன் அதக் களவெடுத்துத்தான் நோபல் வாங்கினான்." இதற்கு முந்நூறுக்கும் மேல் லைக்.

முதல் கொமன்ட் ஏழ்மையிலிருந்து வருகிறது, இரண்டாவது பெருமையிலிருந்து. இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: நாங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஏழைக்கு முடியாது, பெருமைக்காரனுக்கு அவசியமில்லை. இடையில் பிள்ளை புத்தகத்தில் உள்ள கலத்தின் படத்தைப் பென்சிலால் பார்த்துக் கீறிக்கொண்டு இருக்கிறது.

முதலில் அந்த ஒன்றுகூடலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கோட் சூட் போட்டவர்கள் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போட்டோ பிடித்துக்கொண்டு போகும் கூட்டம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். கேப் டவுனை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரியில், கொரோனா உலகத்தை மூடுவதற்குக் கொஞ்சம் முன்பு, கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஆபிரிக்க ஆய்வாளர்களுக்காக ஒரு நுணுக்குக்காட்டிப் பட்டறை நடந்தது. ஆபிரிக்காவின் பல நாடுகளிலிருந்து இளம் ஆய்வாளர்கள் வந்தார்கள். அவர்களிடமிருந்து பணம் அறவிடவில்லை. அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு வளாகத்தில் உயர்தர நுணுக்குக்காட்டி மையத்தை நடத்துகிறவர்கள் வந்து சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஜனேலியா மையத்திலும் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒரு விஞ்ஞானி விண்ணப்பிக்கலாம். ஆய்வுத் திட்டம் தெரிவானால், சந்தைக்கே இன்னும் வராத கருவிகளைக் கட்டணமில்லாமல் பாவிக்கலாம். அதே வழியில், ஆபிரிக்க ஆய்வாளர்கள் வந்து பாவிப்பதற்கென்று கேப் டவுன் பல்கலைக்கழகத்திலேயே ஒரு திறந்த மையம் பிறகு உருவானது.

கேப் டவுன் பணத்தில் புரளும் ஊர் இல்லை. அந்த நாட்டில் காசநோய் இருக்கிறது, எச்.ஐ.வி இருக்கிறது, தகரக் கொட்டில் குடியிருப்புகள் மைல் கணக்கில் இருக்கின்றன. "எங்களுக்கு முதலில் வாங்கு வேண்டும்" என்று அவர்களும் சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். அவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். எங்கட நோயை எங்கட கண்ணால் பார்க்காவிட்டால், எங்கட இரத்த மாதிரி கப்பல் ஏறிப் போகும், முடிவு மட்டும் திரும்பி வரும், அதற்கும் நாங்கள்தான் விலை கொடுக்க வேண்டும் என்று யோசித்தார்கள்.

இப்படியான ஒன்றுகூடல்களில் காலையில் உரைகள் நடக்கும். மற்ற நேரத்தில் கருவிக்குப் பக்கத்தில் நின்று கதைப்பார்கள். "எனக்கு இந்தப் படம் இப்படித் தெரிகிறது, உனக்கு எப்படித் தெரிகிறது?" என்று கேட்பார்கள். மாதிரியை எப்படித் தயாரித்தாய், எந்தச் சாயம் போட்டாய், லேசர் ஒளியை எவ்வளவு கூட்டினாய், கணினியில் படத்தை என்ன செய்தாய் என்று ஒவ்வொன்றாகத் துருவுவார்கள். ஏனென்றால் படம் பொய் சொல்லும். சாயம் தப்பான இடத்தில் ஒட்டும். ஒளி கூடினால் உயிருள்ள கலம் செத்துப்போகும், செத்த கலத்தை உயிருள்ளது என்று எழுதிவிடுவோம். 2016 இல் வெளியான ஓர் ஆய்வில் 20,621 விஞ்ஞானக் கட்டுரைகளின் படங்களைச் சோதித்தார்கள். 3.8 வீதமானவற்றில் பிரச்சினையான படங்கள் இருந்தன. அதைத் தேடிப் பிடித்து வெளியில் சொன்னவர்களும் விஞ்ஞானிகள்தான். 2020 இல் பல நாட்டு நுணுக்குக்காட்டி நிபுணர்கள் சேர்ந்து, கருவிகளின் தரத்தை எல்லோரும் ஒரே மாதிரி அளப்பதற்கென்று ஓர் அமைப்பையே தொடங்கினார்கள். தங்கட கண்ணையே சந்தேகிப்பதற்கு ஒரு சங்கம்! நம்மிடம் அப்படி ஒன்று இருக்கிறதா?

"வீட்டிலிருந்து இன்டர்நெட்டில் படிக்கலாமே, ஏன் ஒன்றுகூட வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை இருக்கிறது.

ஒளி நுணுக்குக்காட்டிக்கு ஓர் எல்லை உண்டு என்று 1873 இல் ஜேர்மனியின் ஏர்ன்ஸ்ட் அபே சொன்னார். ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ அரைவாசிக்கும், அதாவது சுமார் 200 நனோமீற்றருக்கும் கிட்ட இருக்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காண முடியாது. நூறு வருடத்துக்கும் மேலாக அது சுவர் மாதிரி நின்றது. அந்தச் சுவரைத் தாண்டியதற்காக 2014 இல் எரிக் பெட்ஸிக், ஸ்டெபான் ஹெல், வில்லியம் மோர்னர் மூவருக்கும் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இதில் எரிக் பெட்ஸிக் 1990களில் விஞ்ஞானத்தில் வெறுத்துப் போய் வேலையை விட்டவர். வாப்பாவின் இயந்திரக் கம்பனியில் போய் வேலை செய்தார். வருடங்கள் கழித்துத் தன் பழைய நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸோடு 2005 இல் புளோரிடாவில் மைக் டேவிட்சன் என்ற நுணுக்குக்காட்டி நிபுணரைச் சந்திக்கப் போனார். அங்கேதான், ஒளியால் தட்டி எழுப்பும் போது மட்டும் ஒளிரும் புரதங்கள் இருப்பதைக் கேள்விப்பட்டார். எல்லா மூலக்கூறும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தால் மங்கலாகத்தான் தெரியும். சிலவற்றை மட்டும் எழுப்பி, ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்து, அணைந்த பிறகு வேறு சிலவற்றை எழுப்பி, கடைசியில் எல்லாப் புள்ளிகளையும் ஒன்று சேர்த்தால் என்ன? அந்த யோசனை அங்கே பொருந்தியது. இரண்டு பேரும் வேலையில்லாதவர்கள். தங்கட காசைப் போட்டு, ஹெஸ்ஸின் வீட்டு ஹோலில் வைத்து நுணுக்குக்காட்டியைக் கட்டினார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் உயிரியலாளர்கள் தங்கட ஆய்வுகூடத்தையும் புரதத்தையும் திறந்து கொடுத்தார்கள். 2006 இல் கட்டுரை வந்தது. எட்டு வருடத்தில் நோபல்.

பெட்ஸிக்கின் மூளை பெரிய மூளைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சந்திப்பு நடக்காவிட்டால், அந்தப் புரதம் இருப்பதை அந்த நேரத்தில் யாரும் அவருக்குச் சொல்லாவிட்டால், அந்த மூளை வாப்பாவின் கம்பனியிலேயே இருந்திருக்கும். தனக்குத் தெரிந்ததை மூடி வைக்காத ஒரு மனிசன் இருந்தார். அதுதான் விசயம்.

மூடி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் கதை இருக்கிறது. நுண்ணுயிர்களை முதலில் கண்டவர் என்று நாங்கள் பாடத்தில் சொல்லும் லீவன்ஹுக், ஒல்லாந்தின் டெல்ப்ட் நகரத்தில் புடைவை வியாபாரி. பல்கலைக்கழகம் போகாதவர். 1670களில் தன் கையால் செய்த சின்ன வில்லையால் குளத்துத் தண்ணீரில் உயிர்கள் நீந்துவதைக் கண்டு, லண்டன் ரோயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் உடனே நம்பவில்லை. 1677 இல் ரொபர்ட் ஹூக் தானே நுணுக்குக்காட்டி வைத்து, அங்கத்தவர்களுக்கு முன்னால் காட்டிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். அது சரியான முறை. ஆனால் லீவன்ஹுக் ஒன்று செய்தார். தன்னுடைய மிகச் சிறந்த வில்லைகளை எப்படிச் செய்கிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. 1723 இல் அவர் மௌத்தானபோது அந்தக் கைத்திறனும் அவரோடு போய்விட்டது. நெடுங்காலம் அவர் அளவுக்குத் தெளிவாக யாராலும் பார்க்க முடியவில்லை. 2021 இல், அவருடைய நுணுக்குக்காட்டியைக் கழற்றாமலே நியூத்திரன் கதிர் கொண்டு உள்ளே பார்த்தார்கள். அவருடைய சக்திவாய்ந்த வில்லை, உருக்கிச் செய்த ஒரு சின்னக் கண்ணாடி மணி. ஏறத்தாழ அதே முறையை ஹூக் அந்தக் காலத்திலேயே எல்லோருக்கும் தெரிய எழுதி வைத்திருந்தார்!

இப்போது இப்னுல் ஹைதமுக்கு வருவோம். முந்நூறு லைக்குக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் நுணுக்குக்காட்டியைக் கண்டுபிடிக்கவில்லை. அப்படி எழுதுவது அவருக்குச் செய்யும் கண்ணியம் இல்லை, அவர் பெயரில் சொல்லும் பொய். பஸ்ராவில் சுமார் 965 இல் பிறந்து, கெய்ரோவில் சுமார் 1040 இல் மௌத்தான அந்த மனிதர் செய்தது அதைவிடப் பெரியது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று யூக்கிளிட்டும் தொலமியும் சொல்லி வைத்ததை அவர் அப்படியே ஏற்கவில்லை. பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்க்கிறோம் என்று வாதிட்டார். வாதத்தோடு நிற்காமல் இருட்டறையும் துளையும் விளக்கும் வைத்துச் செய்து பார்த்தார். தொலமியின் நூல்களில் உள்ள பிழைகளைக் காட்டுவதற்கென்றே சந்தேகங்கள் என்ற பெயரில் ஒரு நூல் எழுதினார். அவருடைய கிதாபுல் மனாழிர் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் படிக்கப்பட்டது. அதை யாரும் களவெடுக்கவில்லை. படித்தார்கள், பெயர் சொல்லி எழுதினார்கள், சந்தேகித்தார்கள், செய்து பார்த்தார்கள். 2015 ஐ சர்வதேச ஒளி ஆண்டாக ஐ.நா. கொண்டாடியபோது அவருடைய நூலின் ஆயிரம் வருடத்தையும் சேர்த்துத்தான் கொண்டாடினார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? அவருடைய கற்பனைப் படத்தைப் போட்டு, "சுப்ஹானல்லாஹ், ஷெயார் பண்ணுங்க" என்று எழுதினோம். பெரிய பெயர் சொல்லிவிட்டது என்பதற்காக நம்பாதே, செய்து பார் என்று வாழ்ந்த ஒரு மனிதரை, செய்து பார்க்காமலே நம்புவதற்கான பெரிய பெயராக மாற்றிவிட்டோம். இதைவிட அவருக்கு என்ன அநியாயம் செய்ய முடியும்?

சகோதரர்களே, மூடிய கதவுக்குள் நடக்கும் விஞ்ஞானம் என்ன செய்யும் என்று இந்த நாட்டில் நமக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. 2020 ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்த வருடம் ஜனவரியில் கொரோனா வைரஸின் மரபணுத் தொடரைச் சீன விஞ்ஞானிகள் உலகத்துக்கே திறந்து வெளியிட்டார்கள். பெப்ரவரி 19 இல், அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்று, அந்த வைரஸின் முள் புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டது. உறைகுளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டி என்ற முறையால் கண்ட வடிவம் அது. மாதிரியை ஒரு நொடிக்குள் பளிங்காகாத பனியாக உறைய வைத்து, இலத்திரன்களைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். ஆயிரக்கணக்கான மங்கல் படங்களைக் கணினியில் சேர்த்து ஒரு தெளிவான வடிவம் செய்வார்கள். இந்த முறையை வளர்த்த மூவருக்கு 2017 இல் நோபல் கிடைத்தது. வடிவம் வெளியான பிறகு யாரும் எடுத்துப் பார்க்கலாம், பிழை என்றால் சொல்லலாம். நம்மில் பலர் ஏற்றிக்கொண்ட பைசர், மொடர்னா தடுப்பூசிகள் அந்த முள் புரதத்தை நிலைநிறுத்திய வடிவத்தில் வைத்துத்தான் செய்யப்பட்டவை.

அதே வருடம் ஏப்ரல் 11 இல் நம் நாட்டில் வர்த்தமானி வந்தது: கொரோனாவால் மௌத்தானவர்களின் உடலைக் கட்டாயம் எரிக்க வேண்டும். அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. நிலத்தடி நீருக்குள் வைரஸ் போகும் என்று இங்கே சொன்னார்கள். எந்தப் பரிசோதனை, எந்த அளவீடு என்று கேட்டோம். நிபுணர் குழு சொல்கிறது என்றார்கள். நிபுணர்கள் எதைப் பார்த்தார்கள் என்று கேட்டோம். பதில் இல்லை. பிறந்து 20 நாளான சிசுவை அந்த டிசம்பரில் எரித்தார்கள். மதில்களிலும் மயான வேலிகளிலும் வெள்ளைத் துணி கட்டினோம். 2021 பெப்ரவரி கடைசியில்தான் வர்த்தமானி மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரிந்தவை எரிந்ததுதான்.

முள் புரதத்தின் படம் நிலத்தடி நீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நான் சொல்வது முறையைப் பற்றி. ஒரு பக்கம், கண்டதைத் திறந்து வைத்து "வந்து பாருங்கள், பிழை என்றால் சொல்லுங்கள்" என்று சொன்ன விஞ்ஞானம். இன்னொரு பக்கம், "நாங்கள் நிபுணர்கள், கேள்வி கேட்காதே" என்று கதவைச் சாத்திய விஞ்ஞானம். முன்னையது தடுப்பூசி தந்தது. பின்னையது நம் மையித்துகளை எரித்தது. இதை அனுபவித்த சமூகம், பூட்டு என்ற சொல்லைக் கேட்டாலே கொதித்து எழ வேண்டாமா?

எழுகிறோமா? நம் பாடசாலை ஆய்வுகூடத்துக்குப் போய்ப் பாருங்கள்.

நான் கற்பித்த ஒரு பாடசாலையில் நான்கு நுணுக்குக்காட்டிகள் இருந்தன. நான்கும் அல்மாரிக்குள். திறப்பு வேறு அறையில், வேறு ஒருவரின் மேசை லாச்சிக்குள். இரண்டு பெட்டிகளில் வந்த நாளில் ஒட்டிய டேப் கூட உரியவில்லை. வருடத்தில் ஒரு தடவை பொருட்கணக்கெடுப்புக் குழு வரும்போது அல்மாரி திறக்கும். "நுணுக்குக்காட்டி 04, நல்ல நிலையில்" என்று எழுதுவார்கள். பிறகு மூடுவார்கள். நல்ல நிலையில்தான் இருந்தன, பாவிக்காத பொருளுக்கு என்ன கேடு? ஆனால் நம் ஈரக் காற்றில் பாவிக்காத வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். கடைசியில் அந்தக் கருவியால் பூஞ்சணத்தைப் பார்த்ததை விட, பூஞ்சணம் அந்தக் கருவியைச் சாப்பிட்டதுதான் மிச்சம்.

அதிபரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளை பொருள்வில்லையை வழுக்கியில் இடித்து உடைத்துவிட்டால், நிதிப் பிரமாணம், விசாரணை, அறவீடு என்று கடிதத்துக்கு மேல் கடிதம் வரும் என்று ஆசிரியர் பயப்படுகிறார். பாவிக்காமல் பழுதானால் யாரும் கேட்க மாட்டார்கள். பாவித்து உடைந்தால் எல்லோரும் கேட்பார்கள். இப்படி ஒரு முறை இருந்தால் எந்த ஆசிரியர் பெட்டியைத் திறப்பார்? பரீட்சையும் திறக்கச் சொல்வதில்லை. நுணுக்குக்காட்டியை ஒரு நாளும் தொடாத பிள்ளை, அதன் பாகங்களைச் சரியாகப் பெயரிட்டு சாதாரண தரத்தில் ஏ எடுக்கலாம். எடுக்கிறார்கள். நாங்களும் பெனர் அடிக்கிறோம்.

முதல் கொமன்ட் போட்ட சகோதரருக்கு இப்போது பதில் சொல்கிறேன். வாங்கு இல்லாத ஊருக்கு நுணுக்குக்காட்டி ஆடம்பரம் என்கிறீர்கள். நம் நாட்டின் மலேரியாக் கதையைக் கேளுங்கள். 1934, 35 இல் வந்த மலேரியா சுமார் 80,000 உயிர்களைக் கொண்டு போனது. பிறகு மருந்து தெளித்தும், இரத்தப் பூச்சுகளை நுணுக்குக்காட்டியில் சோதித்தும் 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர் என்ற அளவுக்குக் கொண்டு வந்தார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்துத் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1960களின் கடைசியில் நோயாளர் தொகை இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. மறுபடி தொடங்கி, யுத்தத்துக்கு நடுவிலும் விடாமல் செய்து, 2012 ஒக்டோபரில் உள்நாட்டுத் தொற்றுள்ள கடைசி நோயாளர் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அந்த வெற்றியில், கிராமத்து ஆஸ்பத்திரியில் ஒரு சாதாரண நுணுக்குக்காட்டிக்கு முன்னால் குனிந்து, நாள் முழுக்க இரத்தப் பூச்சு பார்த்த உத்தியோகத்தர்களின் கண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களிடம் மில்லியன் டொலர் இயந்திரம் இருக்கவில்லை. திறந்த அல்மாரி இருந்தது. அந்தக் கருவியை நம்பினோம், பாவித்தோம், பிழைத்தோம். ஏழை நாட்டுக்குத்தான் நுணுக்குக்காட்டி முதலில் தேவை.

விலையும் இப்போது சாட்டு இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் என்ற இந்தியரின் குழு, கடதாசியை மடித்துச் செய்யும் நுணுக்குக்காட்டியை 2014 இல் வெளியிட்டது. செய்வதற்கான பொருட்செலவு ஒரு டொலருக்கும் குறைவு. அதற்குள்ளும் ஒரு சின்னக் கண்ணாடி மணிதான் வில்லை. லீவன்ஹுக் மறைத்ததை இவர்கள் மடித்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டார்கள். வெங்காயத் தோலைப் பார்க்க அது போதும்.

"அப்படியென்றால் அந்தக் கடதாசியே போதுமே, பல்கலைக்கழக ஒன்றுகூடல் ஏன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெங்காயத் தோலைக் காட்டிய ஆசிரியரிடம் அடுத்த கேள்வியைப் பிள்ளை கேட்கும்: "இதுக்குள்ள இருக்கிற இழைமணி ஏன் எனக்குத் தெரியல, புத்தகத்தில மட்டும் எப்படித் தெரியுது?" இதற்கு "அது இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தெரியும்" என்று ஒரு வரியில் முடிக்கிறோம். ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் இலத்திரன் நுணுக்குக்காட்டியைக் கண்ணால் கண்டதில்லை. ஆசிரியர் கலாசாலையிலும் சரி, கல்வியியற் கல்லூரியிலும் சரி, படத்தில்தான் கண்டோம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தக் கருவிக்குப் பக்கத்தில் நின்று, மாதிரியைத் தயாரிப்பதைப் பார்த்து, "இந்தப் படத்தில் எது உண்மை, எது தயாரிப்பால் வந்த கோளாறு?" என்று ஓர் ஆய்வாளரிடம் கேட்ட ஆசிரியர் வகுப்புக்கு வேறு ஆளாகத் திரும்பி வருவார். பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாவிட்டாலும் அதைக் கேலி செய்ய மாட்டார்.

ஆகவே நான் கேட்பது பெரிய விசயங்கள் இல்லை.

அதிபர்களே, திறப்பை விஞ்ஞான ஆசிரியரிடம் கொடுங்கள். தவணைக்கு இத்தனை வகுப்பு நுணுக்குக்காட்டியைப் பாவித்தது என்று சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வலயக் கல்வி அலுவலகங்களே, கணக்கெடுப்பில் "நல்ல நிலையில்" என்று எழுதும்போது பக்கத்தில் இன்னொரு நிரல் போடுங்கள்: கடைசியாகப் பாவித்த திகதி. பாடம் நடக்கும்போது தவறுதலாக உடைவதை ஆசிரியரின் சம்பளத்தில் தேடாதீர்கள்.

பல்கலைக்கழகங்களே, ஒலுவிலிலும் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருப்பவர்களே, ஆய்வு மாநாடு நடத்துகிறீர்கள், மலர் அடிக்கிறீர்கள், அமைச்சருக்கு மாலை போடுகிறீர்கள். அந்த மாநாட்டில் ஒரு நாளைக் கருவிகளுக்குப் பக்கத்தில் நடத்துங்கள். இருபது பாடசாலை ஆசிரியர்களைக் கூப்பிடுங்கள். தமிழில் விளங்கப்படுத்துங்கள். உங்களிடம் அடுத்த வருடம் வரப்போகும் மாணவனைத் தயாரித்து அனுப்புவது நாங்கள்தான்.

ஊர்த் தனவந்தர்களே, பழைய மாணவர் சங்கங்களே, நுழைவாயில் வளைவு போதும். பெயர்ப்பலகை போதும். பழுதான நான்கு நுணுக்குக்காட்டிகளைத் துப்புரவு செய்து திருத்தும் செலவு, ஒரு பரிசளிப்பு விழாவின் சாப்பாட்டுச் செலவை விடக் குறைவாகத்தான் இருக்கும். அதில் உங்கள் பெயரைப் பொறிக்க இடம் இருக்காது. ஆனால் பிள்ளை அதற்குள்ளால் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் நன்மை எழுதப்படும், இன்ஷா அல்லாஹ். ஸதகத்துல் ஜாரியா என்று பயானில் கேட்கிறோமே, பயன் தரும் அறிவும் அதில் ஒன்றுதானே.

இப்னுல் ஹைதம் போஸ்ட் போடும் தம்பிமாரே, தாராளமாகப் போடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. போடுவதற்கு முன் உங்கள் ஊர்ப் பாடசாலைக்குப் போய், "இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள்?" என்று கேளுங்கள். அந்த எண்ணையும் அவர் படத்துக்குக் கீழே எழுதுங்கள். பூச்சியம் என்றால் பூச்சியம் என்றே எழுதுங்கள்.

ஆசிரியர்களிடம் இன்னும் ஒன்று. கீழே கொமன்டில் பாடசாலைப் பெயர் போட வேண்டாம். மூன்று விசயம் மட்டும் எழுதுங்கள்: எத்தனை நுணுக்குக்காட்டி இருக்கிறது, எத்தனை வேலை செய்கிறது, கடைசியாக எப்போது ஒரு பிள்ளை அதில் பார்த்தது. நான் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பட்டியலாக்கி இங்கேயே போடுகிறேன். பிறகு யார் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று கதைப்போம்.